எழுத்து தெரிந்தால் ஒன்று

மே 18, திங்கள்

ஆமாம், தினமும்தான். ஞாயிற்றுக்கிழமையும். பெரிய வெள்ளியன்றும். கரண்ட் இல்லாத காலையிலும். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

யாரும் கேட்கவில்லை. ஆனாலும் இந்த நோட்டின் பின்பக்கத்தைத் திறந்ததும் முதலில் எழுத வந்தது இதுதான்.

முன்பக்கம் ஆஸ்பத்திரிக்கு. தேதி, எடை, மாத்திரை, எண் என்று நான்கு கட்டங்கள். டாக்டரம்மா எப்போதும் நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பார், குழந்தையை அப்புறம். பின்பக்கம் எனக்கு.

கெசியாவுக்கு ஏழு வயது. என் அண்ணன் மகள். இரண்டு வருடமாக அவளுடைய சிறுநீரகங்கள் உடம்பில் நிற்க வேண்டிய புரதத்தைச் சிறுநீரில் விட்டுவிடுகின்றன. விட்டால் கண் வீங்கும், பிறகு கால், பிறகு வயிறு. மாத்திரை கொடுத்தால் நிற்கும். மாத்திரையைக் குறைத்தால் சில சமயம் திரும்பி வரும். வருகிறதா என்று காலையில் பார்க்க வேண்டும். நோய் அவ்வளவுதான். என் வேலையும் அவ்வளவுதான்.

பிப்ரவரியில் மதினிக்கு, கெசியாவின் அம்மாவுக்கு, ஐந்தாவது மாதத்திலேயே பிரசவ வலி வந்துவிட்டது. பிரசவம் வரை படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார்கள். கோவில்பட்டியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். பிரசவம் தள்ளிப்போக ஊசி, மாத்திரை, ஜெபம். அண்ணன் உப்பளத்தில் மேஸ்திரி. விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். நான் சென்னையில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை, குழந்தை இல்லை. ஆகவே நான் வந்தேன்.

மே 20, புதன்

செய்முறை. (எழுதி வைத்தால் எனக்குப் பிறகு யார் வந்தாலும் உதவும்.)

காலையில் முதல் சிறுநீர். சோதனைக் குழாயில் முக்கால் பங்கு. ஸ்பிரிட் விளக்கில் குழாயின் மேல்பகுதியை மட்டும் சுட வைக்க வேண்டும். மூன்று சொட்டு வினிகர். பிறகு குழாயை அச்சடித்த தாளின் மீது பிடித்துப் பார்க்க வேண்டும்.

கண்ணாடி போல இருந்தால் பூஜ்யம். கலங்கலாக இருந்து, பின்னால் உள்ள எழுத்தைப் படிக்க முடிந்தால் ஒன்று. எழுத்து இருப்பது தெரிகிறது, படிக்க முடியவில்லை என்றால் இரண்டு. வெள்ளைத் துகள் மிதந்தால் மூன்று. உறைந்தால் நான்கு.

மூன்று நாள் தொடர்ந்து மூன்று வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கெசியாவிடம் தனிக் கணக்கு இருக்கிறது. பூஜ்யம் தண்ணி, ஒன்று நீர்மோர், இரண்டும் மூன்றும் மோர், நான்கு தயிர். சமையலறை வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, “அத்தை, இன்னைக்கு என்ன கடைஞ்சீங்க?” என்று கேட்பாள்.

இன்று தண்ணி.

மே 24, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. கூட்டத்தில் யாருக்காவது சளி இருந்தால் இவளுக்கு ஒட்டிக்கொள்ளும். சளி வந்தால் நோய் திரும்பி வரும். மாடியில் நின்று ஆராதனைப் பாட்டைக் கேட்டோம். இரண்டு சரணம் வரை சேர்ந்து பாடினாள். பிறகு பசிக்கிறது என்றாள். மாத்திரை அவளை எப்போதும் பசியில் வைத்திருக்கிறது.

மே 26, செவ்வாய்

இரண்டு பானை. ஒன்றில் உப்பு, ஒன்றில் இல்லை. குழந்தை தனியாகச் சாப்பிடக்கூடாது என்று நானும் அவள் பானையில்தான் சாப்பிடுகிறேன். அவள் தூங்கிய பிறகு நின்றுகொண்டே ஊறுகாய் பாட்டிலில் விரலை விடுகிறேன்.

அண்ணன் வீட்டுக்கு வரும்போது வேட்டி ஓரத்தில் உப்பு காய்ந்து வெள்ளைக் கோடு இருக்கும். நேற்று அவன் குளிக்கப் போனதும் கெசியா அந்த வேட்டியை எடுத்து வாயில் வைத்துப் பார்த்ததைக் கண்டேன். திட்டவில்லை. என்னைக் கண்டதும் மடித்து வைத்துவிட்டாள்.

மே 29, வெள்ளி

இன்று பால்காரரைத் தவிர யாரோடும் பேசவில்லை. கெசியா கணக்கில் வரமாட்டாள். அவளோடு பேசுவது வேலை.

இதை எழுதியிருக்கக்கூடாது. அடிக்கவும் மனமில்லை.

ஜூன் 1, திங்கள்

அண்ணனுக்கும் எனக்கும் இடையே ஒரு எண்தான் இருக்கிறது. சாயங்காலம் சைக்கிளைச் சாத்தியதும் கேட்பான், “எத்தனட்டி?” நான் சொல்வேன். பூஜ்யம் என்றால் ‘ஸ்தோத்திரம்’ என்பான். ஒன்று என்றால் ஒன்றும் சொல்லமாட்டான். பிறகு குளிப்பான், சாப்பிடுவான், எட்டு மணிக்குப் படுத்துவிடுவான். நல்லவன். சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துக் கடல் காட்டியவன். இப்போது அவனிடம் வேறு எதையும் சொல்ல, ஒரு எண்ணைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

இன்று பூஜ்யம்.

ஜூன் 4, வியாழன்

தபால் வந்தது. பழுப்பு உறை. கெசியா வாங்கி, என் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துக் கொடுத்தாள். பெ, ர், சி, ஸ்.

பல்கலைக்கழகம். முழுநேர ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஜனவரியில், இங்கே வருவதற்கு முன்பு விண்ணப்பித்தது. மறந்தே போயிருந்தேன்.

மறக்கவில்லை.

ஜூலை 6 முற்பகல் பதினோரு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவேண்டும். தவறினால் சேர்க்கை தானாகவே ரத்தாகும்.

அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. மாத்திரை அட்டவணைப்படி ஜூன் கடைசியில் மருந்து முடிகிறது. அதுவரை வராமல் இருந்தால், பிறகு மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் காட்டினால் போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பள்ளிக்கும் போகலாம். மதினியின் அம்மா வந்துகூடப் பார்த்துக்கொள்ளலாம். அப்போது சொன்னால் போதும்.

கடிதத்தைச் சோதனை டப்பாவில் வைத்தேன். குழாய், ஸ்பிரிட் விளக்கு, வினிகர். இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் திறக்காத இடம் அது ஒன்றுதான்.

ஜூன் 5, வெள்ளி

அச்சடித்த தாள் தேடியபோது கையில் கிடைத்தது அதுதான். பேப்பர்காரர் வர இன்னும் நேரம் இருந்தது. வேறொன்றுமில்லை.

தண்ணி. பூஜ்யம்.

ஜூன் 9, செவ்வாய்

கடிதமே வசதியாக இருக்கிறது. எழுத்து ஒரே அளவு. செய்தித்தாளில் படம் வரும், விளம்பரம் வரும், ஒரு நாள் பார்ப்பதும் இன்னொரு நாள் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது. சோதனை என்றால் அளவுகோல் மாறக்கூடாது.

அரசாங்கத் தமிழுக்கு ஒரு தாளம் இருக்கிறது. ‘பார்வையில் காணும் தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு, கீழ்க்காணும் நிபந்தனைகளுக்குட்பட்டு…’ மெய்ப்புப் பார்த்த நாட்களில் இப்படி ஒரு வாக்கியத்தைப் பார்த்தால் பென்சிலைக் கூர்மையாக்கிக்கொள்வேன். இப்போது ஒரு எழுத்தைக்கூட மாற்றத் தோன்றவில்லை.

நீர்மோர். ஒன்று.

ஜூன் 12, வெள்ளி

மூன்று நாளாகக் கெசியாவுக்கு மூக்கு ஒழுகுகிறது. காய்ச்சல் இல்லை. கீழ் வீட்டுக் குழந்தைகளோடு படிக்கட்டில் விளையாடியிருக்கிறாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் குழாயைப் பார்த்து ‘மோர்’ என்றாள். இல்லை, நீர்மோர்தான் என்றேன். கடிதத்தின் மீது பிடித்து முதல் பத்தியை அவளுக்கு வாசித்துக்கூடக் காட்டினேன். ஆஜராக வேண்டும் என்றால் என்ன என்று கேட்டாள். போய் நிற்பது என்றேன். எங்கே என்றாள். பல் தேய்க்கப் போ என்றேன்.

ஒன்று.

ஜூன் 14, ஞாயிறு

மறுபடியும் மோர் என்கிறாள். அவளுக்கு இதில் ஒரு விளையாட்டு.

அடியில் மாவு போல ஏதோ. குழாயைச் சரியாகக் கழுவவில்லை. இனி சோப்புப் போட வேண்டும். வினிகரும் பழையது.

ஒன்று.

ஜூன் 15, திங்கள்

அட்டவணைப்படி இன்றிலிருந்து மாத்திரை மூன்றிலிருந்து இரண்டு. ‘எண் இரண்டுக்குக் கீழே இருந்தால் மட்டும்’ என்று டாக்டரம்மா சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். கீழேதான் இருக்கிறது.

மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கும் சத்தம் எனக்குப் பிடிக்கும். இன்று இரண்டு முறை மட்டும்.

ஜூன் 17, புதன்

போனில் யாரும் கூப்பிடவில்லை. நானும்.

ஜூன் 19, வெள்ளி

மதியம் அவள் தூங்கும்போது என் பெட்டியை இறக்கி, சான்றிதழ்கள் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருக்கின்றன. பட்டச் சான்றிதழின் மூலையில் ஒரு பூச்சி. தட்டிவிட்டு மீண்டும் மேலே வைத்தேன்.

எழுந்து வந்து, “பெட்டி எடம் மாறியிருக்கே” என்றாள். தூசி தட்டினேன் என்றேன். சிறிது நேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தின்பதற்கு என்ன இருக்கிறது என்றாள்.

காலுறை கழற்றியபோது கணுக்காலில் தடம் ஆழமாக இருந்தது. புதுக் காலுறை. எலாஸ்டிக் இறுக்கம்.

ஒன்று.

ஜூன் 22, திங்கள்

நாலு மணிக்கு மதினி வீடியோவில் வந்தாள். படுத்தபடியே பேசுகிறாள். போனைத் தூக்கிப் பிடிக்க முடியாமல் அவள் முகத்தில் பாதியும் மின்விசிறியும்தான் தெரியும். கெசியா எல்லாப் பக்கமும் திரும்பிக் காட்டினாள்.

“முகம் ஊதுன மாதிரி இருக்கே, பெர்சி.”

மாத்திரையால் வருகிற கன்னம்தான், அது குறைய மாதக்கணக்காகும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார் என்றேன். நோட்டைத் திறந்து கேமராவுக்கு முன்னால் பிடித்தேன். ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று.

“ஒண்ணுதானா? அப்பம் சரி. நான் இங்கன கெடந்துக்கிட்டு எதையாவது நெனைக்கேன். நீ படிச்ச புள்ள. நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்.”

வயிற்றில் குழந்தை உதைப்பதைச் சொன்னாள். அங்கே யாரும் தன்னோடு பேசுவதில்லை, எல்லோரும் வயிற்றோடுதான் பேசுகிறார்கள் என்றாள். சிரித்தேன். அவளிடம் கடிதத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 25, வியாழன்

எடை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. பசி.

இரவுக்கு உப்பில்லாத தோசை நாலு தின்றாள்.

எழுத்து தெரிகிறது. ஒன்று.

ஜூன் 27, சனி

தோசை வேண்டாம் என்றாள். கஞ்சியும் வேண்டாம். கவுன் பொத்தான் வயிற்றில் மாட்டவில்லை.

ஒன்று.

ஜூலை 6-க்கு ரயிலில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். சும்மாதான். இருக்கிறது.

ஜூன் 28, ஞாயிறு

எழுத்து தெரிகிறது. ஒன்று.

ஜூன் 30, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரி. குழந்தைகள் வார்டு, ஜன்னலோரக் கட்டில்.

நேற்று விடியற்காலை வயிறு வலிக்கிறது என்று எழுந்தாள். தொட்டால் கொதித்தது. கண் திறக்க முடியாதபடி இமை இரண்டும் வீங்கியிருந்தன. அண்ணன் சைக்கிளில் பாதி வழி போயிருந்தான், போன் போட்டுத் திருப்பினேன். ஆட்டோவில் ஒரு மணி நேரம். அண்ணன் அவளை மடியில் வைத்துக்கொண்டான். நேற்று மட்டும் அவன் எண்ணைக் கேட்கவில்லை.

வயிற்றில் சேர்ந்த நீரில் கிருமி. நரம்பு வழியாக மருந்து ஏறுகிறது. இப்போது காய்ச்சல் இறங்கியிருக்கிறது. நேற்று இங்கே எடுத்த சோதனையில் எண் நான்கு.

டாக்டரம்மா நோட்டை வாங்கி முன்பக்கத்தை வெகு நேரம் பார்த்தார்.

“ஞாயிறு வரைக்கும் ஒண்ணு. திங்கள் நாலு. தினமும் பாத்தீங்களா?”

“ஆமாம், தினமும்தான். ஞாயிற்றுக்கிழமையும்.”

“நோட்டு இவ்வளவு ஒழுங்கா வச்சிருக்கிறவங்க ரொம்பக் குறைவு” என்றார். பிறகு அண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். இதுவரை நினைத்தது மாத்திரைக்குக் கேட்கும் சாதாரண வகை. அது இப்படி ஒரே நாளில் ஒன்றிலிருந்து நான்குக்குப் பாயாது, மெல்ல மெல்லத்தான் ஏறும். நோட்டு சொல்வதைப் பார்த்தால் இது வேறு வகையாக இருக்கலாம். முதுகு வழியாக ஊசி விட்டு, சிறுநீரகத்திலிருந்து நூலளவு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை. இரத்தக் கசிவு ஆகலாம், பெரும்பாலும் ஆகாது. அதன் பிறகு, வேறு வகை என்றால், வலுவான மருந்து.

அண்ணன் கையெழுத்துப் போட்டான். பேனாவை எனக்குக் கொடுத்துவிட்டு வராண்டாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான்.

சட்டை முதுகில் உப்பு. குளிக்காமல் வந்திருக்கிறான்.

ஜூலை 1, புதன்

பக்கத்துக் கட்டிலில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி. சாத்தான்குளம் பக்கம். அவள் மகளுக்குப் பதினொரு வயது, இதே நோய், ஆறு வருடம். நான் வந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாள். எந்த நர்ஸ் ஊசி வலிக்காமல் போடுவாள், எந்தக் குழாயில் நல்ல தண்ணீர் வரும், எந்த டாக்டர் காபி குடிப்பதற்கு முன் பேசக்கூடாது. நான் பதில் சொல்லாமல் இருந்தால், “வாயில முத்து வச்சிருக்கியா, கீழ விழுந்துருமோ?” என்கிறாள். நான்கு மாதத்தில் என்னை யாரும் கேலி செய்யவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இங்கேயும் காலைச் சோதனையைத் தாய்மார்களே செய்து நர்ஸிடம் காட்ட வேண்டும். டப்பாவை வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்திருந்தேன்.

பேச்சியம்மாள் குழாயைச் சுட வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டின் மீது பிடித்துப் பார்த்தாள். நீலக் கட்டம் போட்ட துண்டு. தாள் வேண்டுமா என்று கேட்டேன்.

“எனக்கு எழுத்து தெரியாதுல்லா, தாயி. தாளை வச்சு நான் என்ன செய்ய? கட்டம் தெரிஞ்சா ஒண்ணு. கட்டம் கலங்குனா ரெண்டு. ஆறு வருசமா இதான்.”

என் குழாயையும் வாங்கித் துண்டின் மீது பிடித்தாள். கட்டம் இல்லை. வெள்ளை மட்டும். நாலு என்றாள்.

நான் கடிதத்தை எடுத்து அதே குழாயைப் பிடித்தேன்.

படிக்க முடிந்தது.

பார்வையில் காணும் தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு. கீழ்க்காணும் நிபந்தனைகளுக்குட்பட்டு. ஜூலைத் திங்கள் ஆறாம் நாள் முற்பகல். ஒரு எழுத்துக்கூட விடாமல் படிக்க முடிந்தது.

குழாயை எடுத்துவிட்டுத் தாளைப் பார்த்தேன். குழாய் இருந்த இடத்தில் இருந்தது ‘நிபந்தனைகள்’ இல்லை. ஒரு கோடு, ஒரு முத்திரை, யாரோ ஒருவரின் கையெழுத்து. நான் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

பேச்சியம்மாள் ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். கட்டிலிலிருந்து கெசியா சொன்னாள். குரல் இன்னும் கம்மியிருந்தது.

“அத்தை அதைப் பாக்காமலே படிப்பாங்க. குழாய் வழியாப் பாத்தா எனக்கு எழுத்தே தெரியாது. மோராத்தான் இருக்கும்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னேனே.”

பிறகு, கூரையைப் பார்த்துக்கொண்டு: “நல்லா வந்தாத்தான நீங்க போக முடியும்.”

ஜூலை 1, மதியம்

பதிப்பகத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது: ஒரே பக்கத்தை மூன்றாம் முறை நீயே பார்க்காதே. வேறு ஆளிடம் கொடு. மனப்பாடமான பக்கத்தில் கண் பிழையைப் பார்க்காது, பக்கத்தைத்தான் பார்க்கும்.

இரண்டு வருடம் அந்த வேலை செய்தேன்.

ஜூலை 1, சாயங்காலம்

யோசித்தது.

சொல்லாவிட்டால்: வெள்ளிக்கிழமை ஊசி. வேறு வகை என்று தேடுவார்கள். ஒன்றும் கிடைக்காமல் போகலாம். கிடைக்காவிட்டால் பழைய மாத்திரைதான், அது எப்படியும் கேட்கும். ஊசி எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவதுதான். பேச்சியம்மாள் மகளுக்கு இரண்டு முறை போட்டிருக்கிறார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. நான் ஞாயிறு இரவு ரயிலில்.

இந்தப் பத்தியை எழுதி முடித்த பிறகு இதை எழுதியது யார் என்று திரும்ப வாசித்தேன். கையெழுத்து என்னுடையது.

ஊசி எப்படி இருக்கும் என்று கெசியா பேச்சியம்மாளின் மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் இரண்டு விரலை அகட்டிக் காட்டினாள். கெசியா தன் விரல்களையும் அதே அளவு அகட்டி, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள்.

ஜூலை 2, வியாழன்

காலை ஆறு மணிக்கு அண்ணன் வந்தான். டீ வாங்கி வந்திருந்தான், எனக்கு ஒன்று, பேச்சியம்மாளுக்கு ஒன்று. வராண்டாவில் வைத்துச் சொன்னேன். முதலில் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்தான். அவனுக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும், உதடு அசையும். வினிகர்க் கறை இருந்த இடங்களில் நின்று நின்று வாசித்தான். பிறகு குழாயைச் சொன்னேன். துண்டைச் சொன்னேன். தலைகீழாக இருந்ததைச் சொன்னேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

கடிதத்தை மடித்தான். இருந்த மடிப்பிலேயே, மூலைக்கு மூலை.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ரயில் ஏத்தி விட்டுருப்பேன், ட்டி.”

அவ்வளவுதான். கடிதத்தை என் கையில் வைத்தான். வார்டுக்குள் போய் மகள் காலடியில் உட்கார்ந்து, வீங்கிய பாதத்தை விரலால் அமுக்கினான். குழி விழுந்தது. குழி நிறைவது வரை பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் அமுக்கினான்.

நான் வாசலில் நின்றேன். என்னைக் கூப்பிடவில்லை.

டாக்டரம்மா எட்டரைக்கு வருவார். நோட்டை எடுத்தேன். முன்பக்கத்தில் இருக்கும் ஒன்றுகளில் எது உண்மையான ஒன்று என்று எனக்குத் தெரியவில்லை. என் கண்ணைக் கேட்டுப் பயனில்லை. பின்பக்கத்தைப் புரட்டினேன். ஜூன் 9, நீர்மோர். ஜூன் 12, மோர். அவள் சொன்னதை நான் எழுதி வைத்திருக்கிறேன். எழுதிவிட்டு, இல்லை என்றும் எழுதியிருக்கிறேன். அது ஏறிவந்த வழி இந்த நோட்டில் வேறெங்கும் இல்லை. அவள் வாயிலும், இந்தப் பக்கத்திலும்தான். காலுறைத் தடம் பத்தொன்பது. எடை இருபத்தைந்து. பொத்தான் இருபத்தேழு.

பின்பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுக்கலாம் என்றுதான் காலையில் நினைத்திருந்தேன். ஊறுகாய் பாட்டில், பெட்டி, ரயில், நேற்றுச் சாயங்காலம் எழுதிய அந்தப் பத்தி. கிழித்தால் ஜூன் 12-ம் போகும்.

கிழிக்கவில்லை.

முன்பக்கத்தில் ஜூன் 12 முதல் 28 வரை பதினேழு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் இருந்த ஒன்றை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் ‘தெரியாது’ என்று எழுதினேன். பதினேழு முறை. பேனா இரண்டு தரம் நின்றது, உதறி எழுதினேன். கடிதத்தை நோட்டுக்குள் வைத்தேன். வார்டுக்குள் போய், அண்ணன் பக்கத்தில் நின்று, கெசியாவிடம் இன்றைய குழாயைக் காட்டி என்ன என்று கேட்டேன். தயிர் என்றாள். கட்டத்தில் நான்கு என்று எழுதினேன்.

பிறகு டாக்டர் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் மூன்று பேர்.